‘பாப்போம்’ என்றால் சம்மதம் இல்லை

ராசா, நேற்று பேச்சின் நடுவில் போன் நின்றுபோனது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து நீ மூன்று முறை திரும்ப அழைத்தாய். சிக்னலுக்கு ஒரு கேடும் இல்லை, நான்தான் வைத்தேன். அடுத்த வாரம் விமானம் ஏறப் போகிற பிள்ளையிடம் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடக் கூடாது என்றுதான் வைத்தேன். மலாவிக்குப் போவதற்கு முன் உங்களுக்கு ஐந்து நாள் வகுப்பு நடத்தினார்கள் என்று சொன்னாய். கிராமங்களில் பாசனத் திட்டம் என்றாய், நல்ல ஜீப் தருகிறார்கள் என்றாய். அப்புறம் சிரித்துக்கொண்டே, “எல்லாம் இருக்கும்மா, அங்க உள்ள ஜனங்கதான் ஒத்துழைக்க மாட்டேங்காங்களாம், அதுதான் பெரிய பிரச்சினையாம்” என்றாய். முப்பது வருடத்துக்கு முன் இங்கிலீஷில் வாசித்த வரி அது. அதையே நேற்று நான் பெற்ற வாயில் தமிழில் கேட்டேன்.

உன் அப்பா தோள் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, “ஏட்டி, புறப்படுத புள்ளைக்கு இதையா எழுதுவ?” என்கிறார். இதைத்தான் எழுதுவேன். உனக்கு மட்டும் எழுதினால் போதாது என்றுதான் ஊரறிய எழுதுகிறேன். அன்றைக்கு நான் செய்த தப்பு ஊர்க் கூட்டத்தில், எல்லார் முன்னிலும் செய்தது. அதைத் திருத்துவதையும் எல்லாரும் பார்க்கட்டும்.

நீ வேலைக்கான கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியபோதே மேலே இருந்த பச்சை இலைச் சின்னத்தை வைத்து எந்த நிறுவனம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பெயரை மாற்றியிருக்கிறார்கள், இலையை மாற்றவில்லை. நம் தென்காசி வீட்டுப் புறவாசலில் சாக்கடைக் குழியை மூடி ஒரு தகரப் போர்டு கிடக்கிறதே, அதில் இருப்பதும் அதே இலைதான். நீ நாலு வயதில் அதன்மேல் குத்தவைத்து உட்கார்ந்து, துருப்பிடித்த நீல எழுத்துகளை விரலால் தடவித்தான் ஏபிசிடி படித்தாய். இது ஏது போர்டு என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. தினமும் காலையில் அதன்மேல் நின்றுதான் பல் விளக்குகிறேன். கொப்பளித்த தண்ணீரை அந்த இலைமேல்தான் துப்புகிறேன். முப்பது வருடமாக எனக்குக் கையாலான பழிவாங்கல் அவ்வளவுதான். இப்போது நீ அவர்கள் வீட்டுக்குள்ளேயே போகிறாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியாது, அது தாயின் சந்தோஷம் மட்டும் என்று நினைத்துவிடாதே.

அந்த நிறுவனத்தில் நானும் வேலை பார்த்திருக்கிறேன். கல்யாணமாகி இரண்டாவது வருடம். பி.ஏ. இங்கிலீஷ் முடித்த பெண் என்று தேடிப் பிடித்து மொழிபெயர்ப்பாளராக எடுத்துக்கொண்டார்கள். குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் மாடியில் ஆபீஸ். வெளிநாட்டிலிருந்து வந்த நிபுணர் கெட்ட மனிதர் இல்லை. நல்ல மனிதர், அதுதான் இன்னும் எரிச்சல். எல்லாருக்கும் கை கூப்புவார், உளுந்தவடையைக் கேட்டு வாங்கித் தின்பார். ஆனால் அவர் வந்தது ஆனி, ஆடியில். அதற்கு முந்தின வருடமும் அதே மாதங்களில்தான் வந்தாராம். சாரல் விழும், அருவியில் தண்ணீர் கொட்டும், உலகமே குளிர்ந்து கிடக்கும். குளிக்க வருகிற கூட்டம் எந்த மாதத்தில் நம் ஊரைப் பார்க்குமோ அந்த மாதத்தில்தான் அவரும் பார்த்தார். அவருக்கு நம் சீமை என்றாலே சாரல்தான். கார்த்திகை அடைமழையை அவர் கண்ணால் கண்டதே இல்லை.

கடையத்துக்கு மேற்கே என் பிறந்த ஊர்க் குளத்துக்கு அவரை அழைத்துப்போனோம். குளத்தின் மறுகால் உனக்குத் தெரியும், குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற இடம். அதன்மேல் வரிசையாகக் குத்துக்கல் நட்டிருந்தது, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. தண்ணீர் வேண்டுமென்றால் இடைவெளியில் ஓலையும் மண்ணும் வைத்து அடைப்பார்கள். மழை மிஞ்சினால் அந்த மண் தானே கரைந்து வெள்ளத்துக்கு வழிவிடும். யாரும் ஓடிப்போய்த் திறக்க வேண்டியதில்லை. நிபுணர் அந்த வரிசையைப் பார்த்தார், பல் விழுந்த வாயைப் பார்ப்பதுபோல. சுவர் பல இடங்களில் இடிந்திருக்கிறது, தண்ணீர் வீணாகப் போகிறது, பாவம் இந்த ஜனங்கள் என்று குறிப்பேட்டில் எழுதினார். இடைவெளியை எல்லாம் கான்கிரீட்டால் அடைத்து, நடுவில் ஒரே ஒரு இரும்பு ஷட்டர் வைப்பது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். ஊரின் சம்மதம் என்று ஒரு வரி மட்டும் அவருடைய பாரத்தில் காலியாக இருந்தது.

அதற்காகத்தான் கூட்டம் போட்டோம். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு, நிபுணருக்கு இளநீர் சீவிக் கொடுத்து, மாலையும் போட்டாயிற்று. அவர் பேசினார், நான் தமிழில் சொன்னேன். ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு எல்லாரும் உன் மாமாவைப் பார்த்தார்கள். என் கூடப்பிறந்த அண்ணன். குளத்துக்குக் கீழே முதல் மடையில் அரைக் கோட்டை விதைப்பாட்டு வயல் அவருக்கு, மறுகாலில் மண் வைப்பதும் அவர் பொறுப்பு. அவர் எழுந்து துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, “அய்யா நல்லதுக்குத்தான் சொல்லுதாக. பாப்போம்” என்றார். நான் நிபுணரிடம் ‘வீ வில் சீ’ என்றேன். அவர் பேனாவை வைத்துக்கொண்டு, அப்படியென்றால் சம்மதமா என்று என்னிடம் கேட்டார். நான் ‘எஸ்’ என்றேன்.

ராசா, நீ நம் ஊர்ப் பிள்ளை, பாப்போம் என்றால் என்ன என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தரகர் நமக்குப் பிடிக்காத ஒரு சம்பந்தத்தைக் கொண்டுவந்தால், காப்பி கொடுத்து, “பாப்போம் அண்ணாச்சி” என்று சொல்லி அனுப்புகிறோம். அவர் படியிறங்கினால் பிறகு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. வாசலுக்கு வந்தவனிடம் மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லுகிற பழக்கம் நமக்குக் கிடையாது. மாலை போட்ட மனிதரிடம் எப்படிச் சொல்வது? அந்தக் கூட்டத்தில் மறுத்தது ஊர், மரியாதையாக மறுத்தது. அந்த ஒரு சொல்லைப் புரியவைக்கத்தான் எனக்குச் சம்பளம். நான் வேலையில் சேர்ந்து ஐந்து மாதம், நீ வயிற்றில் மூன்று மாதம். முதல் ஊரிலேயே, அதுவும் என் சொந்த ஊரிலேயே மறுப்பு என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. கெட்டிக்காரி என்று பெயர் வாங்க ஆசை.

புரட்டாசிக்குள் கான்கிரீட் போட்டு ஷட்டரும் வைத்துவிட்டார்கள். நீல எழுத்தில் போர்டும் நட்டார்கள். ஷட்டரைத் திருகுகிற கைப்பிடியை மட்டும் ஊரில் வைக்கவில்லை. பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடுவார்கள் என்று நிபுணர் சொன்னார். அதைக்கூட நான் பதமாக, “பத்திரமா இருக்கட்டும்னு சொல்லுதாக” என்று மாற்றித்தான் சொன்னேன். கைப்பிடி குற்றாலம் ஆபீஸ் அலமாரிக்குப் போயிற்று. சீசன் முடிந்ததும் நிபுணர் தன் நாட்டுக்குப் போனார், எனக்கும் பிள்ளைப்பேறு முடிந்து வா என்று லீவு கொடுத்துவிட்டார்கள்.

கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலை பத்து மணிக்கு உன் மாமா நம் தென்காசி வீட்டு வாசலில் நின்றார். கடையத்திலிருந்து மழையோடு குற்றாலத்துக்குச் சைக்கிள் மிதித்திருக்கிறார். ஆபீஸ் பூட்டிக் கிடந்திருக்கிறது, வாட்ச்மேனும் இல்லை. அங்கிருந்து என்னிடம் வந்தார். உடம்பெல்லாம் ஒழுகுகிறது, திணறி மூச்சு வாங்குகிறது. “ஏட்டி, ஆபீஸ் சாவி உங்கிட்ட இருக்கா? தண்ணி கரையத் தாண்ட இன்னும் ஒரு சாண்தான் இருக்கு. ஷட்டர கடப்பாரையால நெம்பிப் பாத்தாச்சு, அசைய மாட்டேங்குது” என்றார். என்னிடம் எந்தச் சாவியும் இல்லை. இல்லை என்று சொல்லி, ஏழு மாத வயிற்றோடு உள்ளே போய் வந்தேன். தலை துவட்டத் துண்டு கொடுத்தேன், அதை வாங்காமலே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். அவர் ஊர் போய்ச் சேருமுன் கரை உடைந்துவிட்டது. ஆள் சேதம் இல்லை. நட்ட பயிர் வேர் பிடிக்கிற நேரத்து வயல் முழுக்க இடுப்பளவு மணல் வந்து ஏறிவிட்டது. அவர் வயல்தான் முதல் வயல். வெள்ளம் பிடுங்கிவந்த போர்டு அந்த மணலில் குத்தி நின்றதாம். தூக்கி எறியப் போனவரிடம் நான்தான் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வருடம் ஆபீஸை மூடும்போது அறிக்கையின் ஒரு பிரதி எனக்கும் கிடைத்தது. இன்றைக்கும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. திட்டம் தோற்றதற்குக் காரணம் எழுதியிருந்தார்கள். பயனாளிகள் உரிய நேரத்தில் ஷட்டரைத் திறக்கவில்லையாம், உள்ளூர் மக்களிடம் ஒத்துழைப்பு இல்லையாம். நீ நேற்று சிரித்துக்கொண்டே சொன்னாயே, அதே வரி. அந்த வரிக்கு மேலே ஒரு போட்டோ. உன் மாமா துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். கீழே, சம்மதம் தெரிவிக்கும் விவசாயி என்று போட்டிருக்கிறது. அதை வாசித்த அன்றைக்கு நான் உன்னை மடியில் வைத்துக்கொண்டு, இவர்களைச் சும்மா விடக் கூடாது என்று சொன்னேன். உனக்குப் பல்கூட முளைக்கவில்லை, அதனால் உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது.

உனக்குத் தெரிந்த மாமா புளியறையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த மாமா. செக்போஸ்ட் பக்கத்து ஓட்டலில் நீ போனால் பால் தூக்கலாகப் போட்டு, கூடவே ஒரு நெய்யப்பம் தருவாரே, அவர்தான். பெரிய கை அவருக்கு, டம்ளர் அதற்குள் காணாமல் போகும் என்று நீ சிரிப்பாய். அந்தக் கை மண்வெட்டி பிடித்த கை. இரண்டு வருடம் கூடையில் மணல் சுமந்து பார்த்தார், வயல் வெளியே வரவில்லை. பிறகு லாரிக்காரர்களுக்கு டம்ளர் கழுவப் போனார், அங்கேயே டீ மாஸ்டர் ஆனார். நீ பத்தாவது படிக்கிறபோது ஒரு நாள், ஓட்டலில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து என்னிடம் கேட்டார்: “ஏட்டி, அன்னைக்கு நான் சொன்னத முழுசாச் சொன்னியா?”

“சொன்னேன் அண்ணே.”

“கார்த்திகையையும் சொன்னியா?”

“அதையுந்தான் சொன்னேன்.”

“பொறவு ஏன் அவுக கேக்கல?”

“அவுக அப்படித்தான் அண்ணே, நம்ம பேச்சு காதுல ஏறாது.”

அவர் தலையை ஆட்டிவிட்டு எனக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தார். அன்றைக்கு நான் சொன்னது பொய். கூட்டத்தில் உன் மாமா சொன்னதை மேலே எழுதும்போதுகூட உன்னிடமே பாதியைத்தான் எழுதியிருக்கிறேன் பார், அவ்வளவு பழகிப்போன பொய். அவர் முழுக்கச் சொன்னது இதுதான்: “அய்யா நல்லதுக்குத்தான் சொல்லுதாக. கார்த்திகை கழியட்டும், பாப்போம்.” கார்த்திகையில் இந்தக் குளத்தை வந்து பார், பிறகு பேசலாம் என்று அந்த மனிதர் எவ்வளவு தன்மையாகச் சொன்னார். மழை நேரத்தில் வந்து பார்க்கும்படி நிபுணரைக் கூப்பிட்டது அந்த ஒரே வாய்தான். அந்த வார்த்தையை நான் முழுங்கிவிட்டேன். போன ஐப்பசியில் உன் மாமா செத்தபோது பக்கத்தில் இருந்த உன் சித்தி, என் தங்கச்சி சொன்னாள், வெள்ளைக்காரன் கேட்கவில்லை என்ற நினைப்போடுதான் செத்தாராம்.

வெளிநாட்டு உதவி நல்லதா கெட்டதா என்று நீங்கள் படித்தவர்கள் கூடிக் கூடிப் பேசுவீர்கள். நான் பார்த்ததைச் சொல்லுகிறேன். அதே ஜீப்தான் எங்கள் ஊருக்கு ஒரு அடிபம்பும் கொண்டுவந்தது. அதை ஊருக்கு வெளியே, மேட்டில் போடுவதாக இருந்தார்கள். தெருவில் பீடி சுற்றிக்கொண்டிருந்த பொம்பளைகள் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு எழுந்து வந்தார்கள். “ஏ அய்யா, அங்கன போட்டா எவ போயி தண்ணி எடுப்பா? ஒம் பொண்டாட்டிய வரச் சொல்லு, அவ எடுக்கட்டும்” என்று ஒருத்தி கத்தினாள். வசவை மொழிபெயர்ப்பது சுலபம் ராசா, அதை நான் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். நிபுணர் சிவந்துபோனார், பம்பை நடுத்தெருவில் போட்டார். அந்தப் பம்பில் இன்றைக்கும் தண்ணீர் வருகிறது. ஆகவே உதவியே விஷம் என்று நான் சொன்னால் அந்தப் பொம்பளைகளே என்னை அடிக்க வருவார்கள். என்னோடு ஆபீஸில் டைப் அடித்த கடையநல்லூர் சபீனாவை உனக்குத் தெரியும். அவள் புருஷன் அப்போது துபாயில். “எங்க மச்சான் அனுப்புறதும் வெளிநாட்டுப் பணந்தான். அதுல எங்க வீட்டுச் சன்னல் எந்தப் பக்கம் வைக்கணும்னு துபாய்க்காரனா வந்து சொல்லுதான்?” என்று கேட்டாள். அவள் வீடு நிற்கிறது, பம்பு நிற்கிறது, குளத்தங்கரை மட்டும் போயிற்று. கொடுக்கிறவனைத் திட்டவும், வேண்டாம் என்று சொல்லவும் முடிந்த இடத்தில் உருப்பட்டது. மாலை போட்டு உட்காரவைத்த இடத்தில் நாசமாய்ப் போயிற்று. எனக்குத் தெரிந்த பொருளாதாரம் இவ்வளவுதான்.

வேலையை விடு என்று சொல்லப் போகிறேன் என்று இந்நேரம் பயந்திருப்பாய். விடாதே. உள்ளே போ. அவர்கள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார். எந்த அறையில் பழைய ஃபைல்களை வைத்திருக்கிறார்கள் என்று பார், கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தால் இன்னும் நல்லது. என் பெட்டியில் இருக்கிற பிரதியை உன் சூட்கேஸில் சட்டைகளுக்கு நடுவில் வைத்துவிடுகிறேன். அந்த அறிக்கையைத் தேடியெடுத்து, ஒத்துழைப்பு இல்லை என்ற வரியை அவர்கள் கூட்டத்தில், பெரியவர்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கும்போது, உரக்க வாசி. கைப்பிடி எந்த அலமாரியில் இருந்தது என்று சொல். போட்டோவில் இருப்பவர் யார் என்று சொல். அவர்கள் திருந்துவார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை, அதை நான் கேட்கவும் இல்லை. வெட்கப்பட வேண்டும். தலை குனிந்து, மேசையைப் பார்த்துக்கொண்டு, காப்பி ஆறிப்போகிற வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நிபுணர் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பிரதி அனுப்பு. அவர் நல்லவர், அதனால் அவருக்குத் தூக்கம் வராது. வர வேண்டாம்.

பிறகு அந்த ஃபைலில் ஒரு தாளைச் சேர். ஊர்க் கூட்டத்தில் விவசாயி சொன்னதை மொழிபெயர்ப்பாளர் முழுதாகச் சொல்லவில்லை, மறுத்ததைச் சம்மதம் என்று பொய் சொன்னாள் என்று எழுது. என் பெயரை முழுசாகப் போடு, இன்ஷியலோடு. அம்மா என்று பார்த்து விட்டுவிடாதே. நான் கேட்கிற பழி அவர்களோடு மட்டும் தீர்வதில்லை, என்னையும் சேர்த்துத்தான் தீர வேண்டும். அந்தத் தாளின் அடியில் உன் மாமா சொன்னதைத் தமிழ் எழுத்திலேயே எழுது: கார்த்திகை கழியட்டும், பாப்போம். அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது. தெரிந்தவரைத் தேடிப் பிடித்துக் கேட்டுக்கொள்ளட்டும், என்னைப் பிடித்தார்களே அதுபோல.

மலாவியில் எது அவர்களுடைய கார்த்திகையோ அந்த மாதத்தில் போய் அந்த ஊர்களைப் பார். ரோடு நன்றாக இருக்கிற மாதத்தைச் சொல்லி ஜீப்காரன் உன்னை அழைப்பான், ஏறாதே. யாராவது ஒருத்தி உன்னைத் திட்டுகிற வரைக்கும் எந்தப் பாரத்திலும் கையெழுத்துப் போடாதே. எந்தக் கைப்பிடியையும் ஊரை விட்டு எடுத்துப்போகாதே. அங்கேயும் விருந்தாளி மனம் நோகாமல் மறுக்க ஒரு சொல் வைத்திருப்பார்கள், இல்லாமல் இருக்காது. வணக்கம் சொல்லப் படிப்பதற்கு முன் அந்தச் சொல்லைப் படி. உனக்கும் அங்கே ஒரு கெட்டிக்கார மொழிபெயர்ப்பாளர் வாய்ப்பாள், பெயர் வாங்க ஆசைப்படுகிற சின்னப் பெண்ணாக இருப்பாள். அவளிடம் சம்மதமா என்று கேட்காதே. அவர்கள் சொன்னதை முழுசாகச் சொல் என்று கேள்.

விமானம் ஏறுவதற்கு முன் எனக்கு ஒரு பதில் எழுது. அந்த ஃபைலை எடுப்பாயா மாட்டாயா, அதை மட்டும் எழுது. முடியும் என்றால் முடியும் என்று எழுது. வேலை போய்விடும், முடியாதம்மா என்றால் அதையும் எழுது, நான் அழுதுவிட்டு அந்தப் போர்டின்மேல் நின்று பல் விளக்கப் போய்விடுவேன். ‘பாப்போம்மா’ என்று மட்டும் எழுதிவிடாதே. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.